மார்த்தா அழாத காட்சி

உ

ஜூன் 6, வெள்ளி

இன்று மாலை ஆறரை மணிக்கு என் பேத்தி மோனிஷா அமெரிக்காவில் மாடு மேய்த்தாள்.

மேய்த்தது யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண். ஒல்லியாக, கன்னமெல்லாம் புழுதியோடு இருந்தாள். ஆனால் அவள் வாயிலிருந்து வந்த தமிழ் மோனியுடையது. "ஏய், அந்தச் செவலைய மடக்கு" என்று குதிரை மேலிருந்து அவள் கத்தியபோது கீழ் வீட்டு கிளாடிஸம்மா என் முழங்கையைக் கிள்ளினார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். "பஞ்சும்மா, இந்தக் குரலுக்கு மாடு நிக்கும்" என்றார்.

எங்கள் அப்பா ஊர் ஊராகப் போய் வயல்களில் ஆட்டுக்கிடை போட்டவர். எந்தக் குரலுக்கு எது நிற்கும் என்று எனக்கும் தெரியும். பரவாயில்லை, நின்றிருக்கும்.

விவரத்தை எழுதி வைக்கிறேன். "தூசிப் பாதை" என்ற தொடர் நாலு வருஷமாகத் தமிழிலும் வந்தது. மார்த்தா என்ற கிழவி, பத்தாயிரம் மாடு, கையில் துப்பாக்கி. அவளுக்குத் தமிழில் பேசியவர் கமலவேணி அம்மா. அந்தக் கிழவி குமரியாக இருந்தபோது என்ன நடந்தது என்பதுதான் இப்போது வரும் முன்கதை. வெள்ளிக்கு ஒன்றாக எட்டு வாரம். குமரி மார்த்தாவுக்கு மோனி. ஆறு வருஷமாக அவள் கூட்டத்தில்தான் பேசினாள். தீப்பிடித்த வீட்டில் "ஐயோ", சந்தையில் "கிலோ என்ன விலை", ஒரு பேய்க்குச் சிரிப்பு. ஒரு முழு ஆளுக்குப் பேசுவது இதுதான் முதல் தடவை. அதிலும் நாலு வாரத்துக்குத்தான் பேசி முடித்திருக்கிறாள். மிச்சம் நாலும் பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

கடைசியில் குரல் கொடுத்தவர்கள் பேர் வரும் என்று சொல்லியிருந்தாள். வருவதற்குள் டிவி தானாக வேறு எதற்கோ தாவிவிட்டது. கிளாடிஸம்மா மூன்று தடவை பின்னால் இழுத்து நிறுத்தினார். எறும்பு மாதிரி எழுத்து. மோ. னி. ஷா. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததற்கு இது போதும்.

பரமக்குடியில் தன் தம்பி வீட்டில் இருக்கும் மோனியின் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மளிகைச் சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மோனி அதைப் பார்த்து, "கால் கிலோ கடுகுக்கு எதுக்கு அப்பத்தா பிள்ளையார் சுழி?" என்று சிரித்தாள். சுழி போடாமல் எழுதினால் எங்கள் வாத்தியார் ஸ்லேட்டை அழித்துவிடுவார். கை அப்படியே பழகிவிட்டது.

ஜூன் 7, சனி

கிளாடிஸம்மா போனில் ஒரு குழுவைக் காட்டினார். பேர் "வெள்ளிக்கிழமைக் குதிரைகள்". பதினோராயிரம் பேர். தமிழில் பேசவைத்த வெளிநாட்டுத் தொடர்களைப் பற்றி மட்டும் பேசுவார்களாம். நேற்று பார்த்ததற்கு இன்று காலைக்குள் முந்நூறு பேர் தீர்ப்பு எழுதியிருந்தார்கள்.

ஒருத்தர், குமரி மார்த்தாவாக வந்தவளுக்குத் தாடையே சரியில்லை, வயதானால் பழைய மார்த்தா மாதிரி ஆக வாய்ப்பில்லை என்கிறார். ஒருத்தர், பழைய கதையில் மார்த்தாவின் புருஷன் பனியில் செத்ததாகச் சொன்னார்களே, இங்கே ஆற்றைக் காட்டுகிறார்களே என்று சண்டை. இன்னொருத்தர், புருஷன் சாகப் போவது தெரிந்த கதை, அதற்கு எதற்கு எட்டு வாரம் என்கிறார். இவர் கூத்தே பார்த்ததில்லை போலிருக்கிறது. யார் சாவார் என்று தெரிந்துகொண்டுதானே விடிய விடிய உட்கார்ந்திருப்போம்.

இதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் பாடு. "குதிரைக்காரன் 77" என்று ஒருத்தர் எழுதியதுதான் எங்கள் வீட்டுப் பாடு. "கமலவேணி அம்மா குரல்ல மண்ணு இருந்துச்சு. இந்தப் பொண்ணு குரல்ல ஏசி ரூம் இருக்கு." அதற்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் கை தட்டியிருந்தார்கள்.

மோனியிடம் நான் காட்டவில்லை. மத்தியானம் அவள் ஒரு தோசையோடு எழுந்துவிட்டாள். பார்த்திருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

கிளாடிஸம்மா எனக்கும் குழுவில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். சொந்தப் பேரில் எழுதினால் பேத்திக்குப் பாட்டி வக்காலத்து என்பார்கள் என்றேன். "அப்ப வேற பேர்ல எழுதுங்க. எக்ஸ்சேஞ்ச்ல நானே ஒரு நாளைக்கு மூணு பேர்ல பேசியிருக்கேன்" என்றார்.

தேனி காளீஸ்வரி என்று வைத்துக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

காளீஸ்வரி தனியாக மாட்டிக்கொண்டு திணறினாள். அதனால் தூத்துக்குடியிலிருந்து லூர்து மேரி டீச்சர் வந்தார். பிறகு ஓய்வு பெற்ற சுபேதார் வைரவன். கிளாடிஸம்மாவின் பழைய போன், என் போன், ஒரு டேப்லெட், எல்லாவற்றிலுமாக இன்றைக்கு ஆறு பேர் ஆகிவிட்டோம்.

பொய் மட்டும் எழுதவில்லை. சுபேதார் கேட்டது என் சொந்தக் கேள்வி: மாட்டை ஆற்றில் இறக்குவதற்கு முன்னாலும் ஏற்றிய பின்னாலும் எண்ண வேண்டாமா? கதை எழுதியவன் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட மேய்த்தவனில்லை. இதற்கு எழுபது பேர் கை தட்டினார்கள். குதிரைக்காரனே "சரியான கேள்வி சார்" என்று எழுதினான். சுபேதார் விறைப்பாக "நன்றி" என்றார்.

மோனி குரலைப் பற்றி ஆறு பேரும் ஒரே மாதிரிதான் எழுதினோம். அருமை, தத்ரூபம்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டாம் வாரம். மோனி தலைவலி என்று படுத்துவிட்டாள். கத்திரிக்காய் முற்றல்.

ஜூன் 15, ஞாயிறு

டப்பிங் டைரக்டர் ரெங்கராஜ் போன் செய்தார். மோனி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மோனி, கம்பெனில மூணாவது வாரத்தப் பாத்துட்டு முடிவு பண்றாங்கம்மா. அந்தப் பொதைக்கிற சீன் எடுபட்டா மிச்சம் நாலும் உனக்கு. இல்லன்னா கமலவேணி அம்மாவ வச்சே எளசா பேச வச்சுருவாங்க. மெஷின்ல கொரல மெலிசாக்கிக்கலாம்னு சொல்றாங்க."

"சரி சார்."

"அன்னிக்கே அழுன்னு சொன்னேன். கேக்கல நீ."

"ஒரு தடவ கேட்டுப் பாருங்கன்னு சொன்னேன் சார். நீங்களும் ஓகேன்னீங்க."

"சொன்னேன்தான்" என்று வைத்துவிட்டார்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் பாதிதான் மண்டையில் ஏறியது. அழு என்றார், சரி என்றாள் என்றுதான் விளங்கியது. மோனி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பத்தா, மூணாவது வாரம் நீ என் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

"பாக்காம எங்க போறேன்? என்ன கதையாம்?"

"புருஷன் ஆத்துல போயிருவான். அவ பொதச்சுட்டு வண்டிக்கு வருவா."

சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து போனேன்.

ஜூன் 20, வெள்ளி

மூன்றாம் வாரம். கிளாடிஸம்மா வேலூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதால் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

ஆறு சிவப்பாக ஓடியது. மாடுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நீந்தின. இந்த முறையும் யாரும் எண்ணவில்லை. கயிறு அறுந்து அந்த ஆள் போனான். கரையில் அவள் கல்லைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

நான் குக்கர் வைக்கப் போனேன். மூன்று விசிலுக்கு அடுப்பு முன்னாலேயே நின்றேன். விசில் சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது பேர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"எப்பிடி இருந்துச்சு அப்பத்தா?"

"ரொம்ப நல்லா அழுதிருக்க. எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். டிவியை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். சாப்பிடக் கூப்பிட்டேன். அப்புறம் என்றாள்.

ஜூன் 21, சனி

காலையிலிருந்தே குழுவில் ஒரே சத்தம். முழுதும் படிக்கத் தைரியமில்லை. "மரக்கட்டை" என்ற ஒரு வார்த்தையைப் பார்த்ததும் மேலே தள்ளிவிட்டேன்.

இன்றைக்கு விட்டால் அப்புறம் இல்லை. கம்பெனிக்காரர்கள் எண்ணுகிறார்கள். கிளாடிஸம்மா தன் பழைய போனை என்னிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்ததால் நானே ஒவ்வொரு போனாக எடுத்து ஆறு பேராகவும் எழுதினேன். காளீஸ்வரி, "அந்த அழுகையில் என் தலையணை நனைந்தது" என்றாள். டீச்சர், "விம்மலை இவ்வளவு இயற்கையாகக் கேட்டதில்லை" என்றார். சுபேதார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விரல் வலிக்கிறது. ஆனால் எழுத்து ஒன்றிலும் பிழை இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பத்து மணிக்குக் குதிரைக்காரன் 77 ஒரு படம் போட்டான். என் ஆறு பேரும் அதில் வரிசையாக இருந்தோம். ஒவ்வொருவர் எழுதியதற்கு மேலேயும் இருந்த சுழியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"தேனியிலருந்து தூத்துக்குடி வரைக்கும் ஆறு பேரும் உ போட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க. தூத்துக்குடி லூர்து மேரியும் பிள்ளையார் சுழிதான். ஒரே கை. ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்த சீன்ல அழுகையே கெடையாது. ஒரு விம்மல்கூட இல்ல. இவங்க ஆறு பேரும் எந்த அழுகையக் கேட்டாங்க? அந்த டப்பிங் பொண்ணு காசு குடுத்து எழுத வச்சிருக்கு. காசு வாங்குனவங்க பாக்கக்கூட இல்ல."

நான் இரண்டு முறை படித்தேன். அழுகையே கிடையாது.

மத்தியானத்துக்குள் ஆயிரம் பேர் சுழி போட்டுக் கேலி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். "உ. குதிரை நன்றாகக் கனைத்தது. இப்படிக்கு, குதிரையின் சித்தப்பா."

ஆறு கணக்கையும் அழிக்கப் பார்த்தேன். எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. வேலூருக்குப் போன் போட்டேன். மாதா கோயிலில் இருப்பார் போலிருக்கிறது, எடுக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

ரெங்கராஜ் போன். இந்தத் தடவை ஸ்பீக்கர் போடவில்லை. ஆனாலும் மோனி சொன்னது எனக்குக் கேட்டது.

"நான் யாருக்கும் காசு குடுக்கல சார்."

"எனக்கு அவங்க யாருன்னே தெரியாது சார்."

"சார், எங்க அப்பா மேல சத்தியமா."

பிறகு தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள். மூடினாள். கதவில் ஒட்டியிருந்த மளிகைச் சீட்டின் முன்னால் நின்றாள். மேலே இருந்த சுழியில் விரலை வைத்தாள். சீட்டை எடுத்து மேடை மேல், என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆறு பேரா அப்பத்தா?"

நான் வெங்காயம் நறுக்குவதை விடவில்லை. "ஒனக்காகத்தானத்தா..."

"எனக்காக எழுதுன, சரி. அழுதான்னு எதுக்கு எழுதுன? நீ கேக்கவே இல்லையா?"

"குக்கர் வைக்கப் போனேன்ல. அந்தச் சத்தத்துல..."

"ஹாட்பாக்ஸ்ல சோறு இருந்துச்சு. நீ ஆறு மணிக்கே வடிச்சு வச்ச சோறு."

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். போடவில்லை.

"ரெங்கராஜ் சார் அழுன்னாரு. நான்தான் மாட்டேன்னேன். ஏன்னு தெரியுமா? அவ வண்டிக்கு வந்து சமையக்காரன்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் கேப்பா. பிள்ள சாப்பிட்டுச்சான்னு. அது யாரு கொரலுன்னு ஒனக்குத் தெரியலையா? மானாமதுர ஆஸ்பத்திரி வராண்டால நீ எங்கப்பாவ உள்ள விட்டுட்டு வெளிய வந்த. எங்கம்மா தரையில கெடந்து கத்துச்சு. நீ கத்தல. நின்னு, பிள்ள சாப்பிட்டுச்சான்னு கேட்ட. அப்ப எனக்கு ஒம்போது வயசு. பதினாறு வருஷமா அந்தச் சத்தம் எனக்குள்ள கெடக்கு. மைக் முன்னாடி நின்னப்ப எனக்கு வேற எதுவுமே வரல."

சீட்டை மறுபடி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாள்.

என் மகன் இருளப்பன் பேரை இந்த நோட்டில் நான் எழுதியதில்லை. இன்றைக்கும் இவ்வளவுதான் எழுத முடியும்.

ஜூன் 24, செவ்வாய்

சிலிண்டர் வந்தது.

ஜூன் 25, புதன்

கிளாடிஸம்மா காலை வண்டியில் வந்து இறங்கினார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு கணக்கையும் அழித்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். "வேண்டாம், என் பேர்லயே ஒண்ணு தொறந்து குடுங்க" என்றேன். "அசிங்கப்படுவீங்க பஞ்சும்மா" என்றார். "அவ படுறா, நான் பட்டா என்ன" என்றேன். அவர் மறு பேச்சுப் பேசாமல் திறந்து கொடுத்தார். எழுதியதை இங்கேயும் நகல் எடுக்கிறேன்.

"உ

குழுவில் உள்ளவர்களுக்கு, சாலிகிராமத்திலிருந்து பஞ்சவர்ணம் எழுதுவது. நீங்கள் வட்டம் போட்ட ஆறு பேரும் நான்தான். குமரி மார்த்தாவுக்குப் பேசியது என் மகன் பெற்ற பேத்தி. நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. சுழி போடாமல் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். அது இல்லாமல் எனக்கு எழுத வராது.

அழுகை நன்றாக இருந்தது என்று எழுதியது பொய். அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டேன். அதனால் அவள் பேசியது நன்றாக இருந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

ஆனால் புருஷனைப் புதைத்தவள் அழாமல் இருப்பாளா, மரக்கட்டையா என்று நூறு பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் பதில் தெரியும். என் மகனைப் பறிகொடுத்த அன்றைக்கு நான் அழவில்லை. அவன் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நானும் கீழே விழுந்தால் அதைத் தூக்க அங்கே வேறு ஆள் இல்லை. இதைக் கேட்டுவிட்டு உங்களுக்குப் பிடிக்காவிட்டால் பிடிக்காது என்றே எழுதுங்கள். அவளைத் திருடி என்று மட்டும் எழுத வேண்டாம். திருட்டுத்தனம் என்னுடையது."

சாயங்காலம் குதிரைக்காரன் பதில் போட்டிருந்தான். "அம்மா, காசு குடுத்தாங்கன்னு நான் எழுதுனது தப்பு. எடுத்துட்டேன். கொரல் பிடிக்கலன்னு சொன்னது தப்பில்ல, அது அப்படியே இருக்கும்." சரியான ஆள்தான். கேலிகள் பாதியில் நின்றன. சிலர் காட்சியை மறுபடி பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள். சிலர் இதுவும் நாடகம் என்றார்கள்.

ஜூன் 27, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. மிச்சம் நாலு வாரமும் கமலவேணி அம்மா. நீ தப்பு செய்யவில்லை என்று இப்போது தெரியும், ஆனால் பேர் அடிபட்டுவிட்டது, கம்பெனிக்காரர்கள் பயப்படுகிறார்கள் என்று ரெங்கராஜ் சொன்னாராம். பேசி முடித்த நாலு வாரமும் அப்படியே இருக்கும். யாரும் அதை மாற்றிப் பேசப் போவதில்லை.

"நான் போய் அவருகிட்ட பேசட்டுமாத்தா?"

"வேணாம் அப்பத்தா. நீ எழுதுனது போதும்."

"கோவமா?"

"இருக்கு. இருக்கட்டும், போகும்போது போகும்."

பத்து மணிக்கு வேறு ஒரு படத்துக்குக் கூட்டத்தில் பேசப் போனாள். வெள்ளம் வந்த ஊராம். ஏழு தடவை "ஐயோ". டிபன் பாக்ஸை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள். நான்காம் வாரம் சாயங்காலம் ஓடியது. இரண்டு பேரும் போடவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் மோனி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். ரிமோட்டில் பின்னால் போவது கிளாடிஸம்மாவைப் பார்த்துப் பழகியதுதான். மூன்றாம் வாரத்தைப் போட்டேன். சத்தத்தை ஏற்றினேன்.

ஆறு. கயிறு. அவன் போனான். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழவில்லை. அவள் கல்லைப் பொறுக்கி அடுக்கினாள். கடைசிக் கல்லின் மேல் அவன் தொப்பியை வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தாள். சமையற்காரன் எழுந்து நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ள சாப்பிட்டுச்சா?"

தொண்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லாத குரல். ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவது மாதிரி. நூறு பேர் சொன்னது சரி. குழுவுக்கு நான் எழுதிய பதிலும் சரி. நான் எப்படிப் பேசினேன் என்று இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. இன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்தச் சமையற்காரன் என்ன பதில் சொன்னான் என்று எனக்குக் காதில் விழவில்லை. எனக்குப் பின்னால் துணி மடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"இல்லப்பத்தா" என்றாள் மோனி. "அன்னிக்கு நான் சாப்பிடல. யாரு குடுத்தாலும் வாங்கல. நீ கேட்டுட்டுப் போயிட்ட. பதிலுக்கு நிக்கல."

மணி பதினொன்றேகால். மாவு இருந்தது. எழுந்து போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.